இரத்தச் சர்க்கரையின் மும்மாதக் கணக்கு

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டிருந்த ஆயுர்வேத ஆசிரியர்கள் அதனை மதுமேகம் என்றனர். அவ்வினிப்புச் சர்க்கரையே என்று 1776-ஆம் ஆண்டில் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர் மெய்ப்பித்தார். பிற்காலத்தில் எறும்பின் வேலையைப் பெனடிக்ட் கரைசல் ஏற்றுக்கொண்டது.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி 1951-இல் தோன்றிற்று. அந்நாளில் நோயாளிகள் நன்கறிந்த பரீட்சை, ஐந்து மில்லி நீலக் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சுவதே. நிறம் மாறாவிடில் மகிழ்ச்சி. பச்சை, மஞ்சள் கடந்து செங்கல் நிறம் தோன்றினால் கவலை. ஆயினும் அம்மகிழ்ச்சி நம்பத்தக்கதன்று. நூறு மில்லி இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடந்த பின்னரே சிறுநீரகம் அதனை வெளியே விடுகிறது. இரத்தத்தையே சோதித்தாலும் அந்த நேரத்து நிலைதான் புலப்படும். ஓணத்துப் பாயசத்தை வயிறார உண்டவர், சோதனைக்கு முன் இரண்டு நாள் நோன்பிருந்து மருத்துவரை மகிழ்வித்துவிடலாம்! ஏமாறுவது மருத்துவரல்லர் என்பது வேறு விஷயம்.

இத்தந்திரத்துக்கு முடிவு கட்டிய கண்டுபிடிப்பு பாரசீகத்திலிருந்து வந்தது. தெஹ்ரானில் மாறுபட்ட ஹீமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்த சாமுவேல் ரஹ்பர், நீரிழிவாளர் இரத்தத்தில் ஒரு வகை மிகுந்திருப்பதை 1968-இல் வெளியிட்டார். செவ்வணு சுமார் 120 நாள் வாழ்வது. அந்நாள்களில் இரத்தத்திலுள்ள சர்க்கரை, நொதியின் உதவியின்றித் தானாகவே மெல்ல மெல்ல ஹீமோகுளோபினில் ஒட்டுகிறது. ஒட்டியது எளிதில் விடுவதில்லை. ஆகவே ஒட்டிய பங்கைச் சதவீதமாக அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரியும். அண்மை மாதத்தின் பங்கு அதில் மிகுதி.

1976-இல் நியூயார்க்கில் கோனிக், செராமி முதலியோர், சர்க்கரை கட்டுப்படும்போது இவ்வளவும் இறங்குவதைக் காட்டினர். 1,441 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 1993-இல் முடிவுற்றது. ஏறத்தாழ ஒன்பது சதவீதத்தில் இருந்தோரைவிட ஏழை ஒட்டி நின்றோருக்குக் கண், சிறுநீரகம், நரம்புக் கேடுகள் வெகுவாகக் குறைந்திருந்தன. 2011-இல் உலக சுகாதார நிறுவனம், 6.5 சதவீதத்தை நோயைக் கண்டறியும் எல்லையாகவும் ஏற்றது. 'கிளைக்கேற்றப்பட்ட ஹீமோகுளோபின்' என்று மொழிபெயர்க்கலாம்; என் தொழிலுக்கு அது பொருந்தும், நாவுக்குப் பொருந்தாது. மக்கள் வைத்த 'மூன்று மாதச் சர்க்கரை' என்ற பெயரே மேல்.

எனினும் இக்கணக்குச் செவ்வணுவின் ஆயுளைப் பொறுத்தது. அணுக்கள் விரைவில் அழிந்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும். இரும்புச் சத்துக் குறைந்த சோகையில் பொய்யாக உயரலாம். அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் பழங்குடி மக்களிடையே அரிவாளணுச் சோகை உண்டு. அத்தகையோர்க்கு ஏ1சி எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தலோ கூட்டுதலோ தகாது. உணவுக்கு முன்னும் பின்னும் எடுத்த நேரடி இரத்தச் சோதனையையே மருத்துவர்கள் துணைக்கொள்கின்றனர்.