மந்திர ஸ்தாயிக்கு ஒரு தந்தி

தாழ்ந்த சுருதிக்கு ஏற்ற பிக்கப் எது? பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் தேடும் இந்த விடைக்கு கர்நாடக இசையிலும் ஒரு முன்கதை உண்டு.

1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்த யு.ஸ்ரீநிவாஸ், சிறுவயதிலேயே மாண்டலினைக் கையில் எடுத்தார். அது மேற்கத்திய வாத்தியம். இரண்டிரண்டாக எட்டுத் தந்திகள். மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும், கமகத்துக்கு நேரமே இருக்காது.

எனவே எலக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்தார். பிக்கப்பில் இருப்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியும்தான். உலோகத் தந்தியின் அதிர்வை அது மின்சாரமாக்குகிறது. அடங்கிப்போகும் நாதத்தையும் ஆம்ப்ளிஃபயர் காதுக்குக் கொண்டுவருகிறது. இரட்டைத் தந்திகளுக்குப் பதில் ஒற்றைத் தந்திகளாக ஐந்து வைத்தார். கூடுதலாக வந்த தந்தி மந்திர ஸ்தாயிக்கு!

மாண்டலினில் கர்நாடக இசையா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். 1998-ல் பத்மஸ்ரீ வந்தது. 2014-ல் சென்னையில் மறைந்தார். சங்கீதத்தைக் குறைத்துக்கொள்ளாமல் கருவியை மாற்றியவர் அவர்.