ஒளியிழை நிறமாலையியல் (திசு அறிதல்)

உடலுக்குள் இருக்கும் திசு எத்தகையது என்பதை, அதை வெட்டி எடுக்காமலே ஒளியைக் கொண்டு அறியும் முறை. மெல்லிய கண்ணாடி இழை ஒன்று ஒளியைத் திசுவின் மேல் பாய்ச்சும். திரும்பி வரும் ஒளியை அருகிலுள்ள இழைகள் நிறமாலைமானிக்குக் கொண்டு சேர்க்கும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கும் அலைநீளங்கள் வேறு, கொழுப்பு விழுங்குபவை வேறு. திரும்பிய ஒளியில் எந்த நிறம் குறைந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்பதே திசுவின் அடையாளம்.

இதன் தொடக்கம் இழைக்கு முந்தியது. 1924-இல் பிரான்சின் லியோனில் ஆல்பர் பொலிகார், புறஊதா ஒளியில் சில கட்டிகள் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டார். அந்தச் சிவப்புக்குக் காரணம் போர்பிரின் என்னும் நிறமி. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும், மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுவதை உறுதிசெய்தனர்; இதுவே ராமன் சிதறல். அன்று அவர்கள் ஆராய்ந்தவை திரவங்களும் ஆவிகளும். மருத்துவம் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்சும் நரிந்தர் சிங் கபானியும் 1954-இல் இழைக்கற்றை வழியே உருவங்களைக் கடத்திக் காட்டினர். அதிலிருந்து பிறந்த உள்நோக்கி பார்க்க மட்டுமே உதவியது. நியூயார்க்கில் ராபர்ட் அல்பானோ குழு 1984-இல் லேசர் ஒளிர்வால் புற்றுத்திசுவையும் நலமான திசுவையும் ஒப்பிட்டது. பத்தாண்டு கழித்து, டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நிர்மலா ராமானுஜம் முதலானோர் 337 நானோமீட்டர் லேசரையும் இழையையும் கொண்டு, கருப்பை வாயின் புற்றுக்கு முந்தைய மாற்றங்களை நோயாளிகளிடமே அளந்தனர்.

ராமன் சிதறலை இழைக்குள் கொண்டுவருவதுதான் நெடுநாள் தொல்லை. சிதறும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய கோடியில் ஒன்றே நிறம் மாறும். போதாக்குறைக்கு, லேசர் செல்லும் கண்ணாடியும் தன் பங்குக்கு ராமன் ஒளியைக் கக்கும். திசுவின் மெல்லிய குரல் அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். தீர்வு இழையின் நுனியில் கிடைத்தது. அனுப்பும் இழையின் முனையில் லேசரின் நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி. வாங்கும் இழைகளின் முனையில் அந்த நிறத்தை மட்டும் தடுக்கும் வடிகட்டி.

இத்தகைய கைக்கருவியை மான்ட்ரியல் மூளை அறுவை அரங்கில் கெவின் பெட்ரெக்கா, பிரெடரிக் லெப்லாண்ட் குழுவினர் பயன்படுத்தினர். 2015-இல் வெளியான அவர்களது ஆய்வில் ஓர் அளவீட்டுக்கு 0.2 நொடி போதுமானதாக இருந்தது. புற்றுள்ள இடங்களில் 93 விழுக்காட்டைக் கருவி சரியாகச் சொன்னது. ஆனால் அது அறிவது முனை தொட்ட புள்ளியை மட்டுமே, அதுவும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள். கட்டியின் வகையை முடிவுசெய்ய இன்றும் நுண்ணோக்கியின் கீழ் வைக்கும் திசுச் சீவல் தேவை.