நீர்வர்ணத்தில் ஆங்கிலப் பண்ணைவீடு: ஒரு வரலாற்று நோக்கு

ஓவியமும் ஒரு வரலாற்று ஆவணமே. ஆயின், ஏட்டுச் சான்றுகளைப் போன்றே அதுவும் சிலவற்றைக் கூறிச் சிலவற்றைக் கூறாது விடும். ஆங்கில நாட்டுப்புறத்தின் பழைய பண்ணைவீடுகளையும் குடில்களையும் நீர்வர்ணத்திற் தீட்டிய ஹெலன் அலிங்ஹமின் (1848–1926) ஆக்கங்கள் இதனை நன்கு விளக்குவன.

சஞ்சிகைகளுக்குச் சித்திரம் வரைந்து தம் தொழிலைத் தொடங்கிய இவ்வம்மையார், 1881இல் இலண்டனை நீங்கிச் சறேப் பகுதியில் விற்லி என்னும் கிராமத்தின் அயலிற் குடியேறினார். 1859இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையினால் இலண்டன் செல்வர் அப்பகுதியை நாடி வரலாயினர். பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. வேறு பல புதுக்கப்பட்டன. மரச்சட்டச் சுவர், பாசி படர்ந்த ஓட்டுக்கூரை, செங்கற் புகைபோக்கி என்பன மறையுமுன் அவற்றைப் பதிவுசெய்ய அவர் முனைந்தார். 1886இல் இலண்டனில் நடைபெற்ற அவரது கண்காட்சி சறேக் குடில்களையே பொருளாகக் கொண்டிருந்தது. 1890இல் றோயல் நீர்வர்ண ஓவியர் சங்கத்தின் முழு உறுப்புரிமையைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே.

எனினும், கண்டதை அவர் அவ்வாறே தீட்டினாரல்லர். புதிய சாளரம் பொருத்தப்பட்ட வீட்டிற்கு, ஈயச் சட்டமிட்ட பழைய சாளரத்தையே ஓவியத்தில் மீட்டளித்தார். கட்டடத்தின் பழமையை மீட்ட அத்தூரிகை, அதனுள் வாழ்ந்தோரின் நிகழ்காலத்தைத் தொடவில்லை. அமெரிக்கத் தானியத்தின் வரவால், 1877இல் குவாட்டர் ஒன்று 56 சிலிங்குக்கு மேல் விற்ற கோதுமை 1894இல் 23 சிலிங்குக்கும் கீழே வீழ்ந்தது. பண்ணைகள் நலிந்தன, உழவர் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். ஓவியத்திலோ வாயிலில் வெள்ளை மேலாடையணிந்த தாயும் குழந்தைகளும் அமைதியாக நிற்கின்றனர். சுற்றிலும் பூக்கள் மலர்ந்துள்ளன.

அவர் தீட்டிய குடில்கள் சில, முற்காலத்தில் நிலமுடைய உழவரின் பண்ணைவீடுகளாயிருந்தவை. சிறு பண்ணைகள் பெரும் பண்ணைகளுடன் இணைந்தபோது, அவ்வீடுகள் பிரிக்கப்பட்டுக் கூலியாளரின் குடியிருப்புகளாயின. அவருட் பலர் பண்ணையாளரின் வீட்டிலேயே குடியிருந்தமையால், வேலை போயின் வீடும் போயிற்று. 1872இல் ஜோசப் ஆர்ச்சின் தலைமையில் விவசாயத் தொழிலாளர் சங்கம் எழுந்ததும், 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவருட் பெரும்பாலார் வாக்குரிமை பெற்றதும் இப்பின்னணியில் நோக்கத்தக்கன.

எனவே, இவ்வோவியங்களைப் பொய்யெனத் தள்ளுதல் பொருந்தாது. இடிந்தழிந்த கட்டடக்கலைக்கு அவை அரிய சான்றுகள். ஆயின், அவ்வீட்டின் உரிமையாளர் யார், உள்ளே வாழ்ந்தோர் பெற்ற கூலி யாது என்னும் வினாக்களுக்கு விடையை ஓவியச் சட்டத்துக்கு வெளியிலேயே தேடல் வேண்டும்.