ஐசோநியாசிட்: காசநோயை வென்ற மாத்திரையும் கல்லீரலும்

ஒரு மருந்து கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்துகொள்ள எவ்வளவு காலம் ஆகும்? ஐசோநியாசிட் விஷயத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயிற்று. இத்தனைக்கும் அது ஏதோ மூலையில் விற்ற மருந்து அல்ல. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் தினமும் விழுங்கிய காசநோய் மாத்திரை. இன்றும் காசநோய் சிகிச்சையில் இருக்கிறது.

கதை 1912-ல் தொடங்குகிறது. பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசஃப் மாலி என்ற இருவர் இந்தப் பொருளை முதலில் தயாரித்தார்கள். எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகள் அது ஆய்வேட்டிலேயே தூங்கியது. 1951, 52 வாக்கில் ஹாஃப்மன் லா ரோஷ், ஸ்குவிப், பேயர் ஆகிய மூன்று நிறுவனங்கள் தனித்தனியாக அதைத் தொட்டு, காசநோய்க் கிருமியை அது கொல்வதைக் கண்டுபிடித்தன. மூவருக்குமே ஏமாற்றம்! 1912-லேயே வெளிவந்துவிட்ட பொருள் என்பதால் யாராலும் காப்புரிமை வாங்க முடியவில்லை. அதனால்தான் மாத்திரை மலிவாகவே இருந்தது. ஏழை நாடுகளுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது என்பேன்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் முதல் பரிசோதனைகள் நடந்தன. பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள், எடை கூடினார்கள். 1952 பிப்ரவரியில் பத்திரிகைகளில் இதுதான் செய்தி.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. ஐசோநியாசிட்டையும் பாஸ் என்ற மருந்தையும் வீட்டிலிருந்தபடியே ஓராண்டு சாப்பிட்டால், சானடோரியத்தில் படுத்திருந்து சாப்பிடுவதற்கு இணையான பலன் கிடைக்கும் என்று 1959-ல் அந்த மையம் காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

சரி, கல்லீரல் எங்கே வந்தது?

எச்சரிக்கை முதலில் வந்தது தங்கை மருந்திடமிருந்து. ஐசோநியாசிட்டின் வேதி அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் ஐப்ரோநியாசிட். அதைச் சாப்பிட்ட காசநோயாளிகள் காரணமில்லாமல் உற்சாகமாக இருந்தார்கள். 1957-ல் நேதன் கிளைன் அதை மனச்சோர்வு நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் கிடைத்தது. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று இப்படித்தான் பிறந்தது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது, சிலர் இறந்தார்கள். 1961-ல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. அக்காவைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏன்? யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஐசோநியாசிட் தனியாகக் கொடுக்கப்படுவது குறைவு. கூடவே பாஸ் இருக்கும், அதுவும் காமாலையை உண்டாக்கும். வைரஸ் காமாலையை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் சோதனையும் அப்போது இல்லை. எனவே யாருக்காவது கண் மஞ்சளானால் பழியைப் போட வேறு ஆட்கள் தயாராக இருந்தார்கள். அதைவிட முக்கியம், நோயாளிகள் சாவின் விளிம்பில் இருந்தவர்கள். நூறில் ஒருவருக்குக் காமாலை வந்தால் மீதி 99 பேர் பிழைத்ததுதான் கண்ணில் படும்.

இதை மாற்றியது ஆரோக்கியமான மனிதர்கள். கிருமி உடலில் தூங்கிக்கொண்டிருக்கும், ஆனால் நோய் வராதவர்களுக்கு ஐசோநியாசிட்டை மட்டும் கொடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை பெரிய ஆய்வுகளில் நிரூபித்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் இந்தத் தடுப்புச் சிகிச்சை தாராளமாகப் பரிந்துரைக்கப்பட்டது.

1970-ல் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கும் கேபிடல் ஹில் பகுதியில் அரசு ஊழியர்களிடையே காசநோய் பரவியது. 2,321 பேருக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். 19 பேருக்குக் கல்லீரல் பாதித்தது, இருவர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு எட்டுப் பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் இவர்கள் நேற்று வரை ஆபீஸ் போய்வந்தவர்கள்! பழி போட பாஸும் இல்லை, காசநோயும் இல்லை. மாத்திரை தனியாக மாட்டிக்கொண்டது.

உடனே 21 நகரங்களில் 13,838 பேரைக் கண்காணித்தார்கள். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது. இருபது வயதுக்குள் மிக அரிது, ஐம்பதைத் தாண்டியவர்களில் நூறில் இரண்டுக்கு மேல். தினமும் குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். எட்டுப் பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் பால்டிமோர் என்ற ஒரே நகரத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நேரத்தில் அந்த வட்டாரத்தில் கல்லீரல் சுருக்க நோய் மரணங்களும் கூடியிருந்தன, ஆகவே வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்கலாம் என்று பிற்பாடு சந்தேகித்தார்கள்.

யாருடைய கல்லீரல் கெடும் என்பதற்கான விளக்கமும் ஒருமுறை தலைகீழானது. ஐசோநியாசிட்டை உடலிலிருந்து அகற்ற கல்லீரல் அதனுடன் அசிட்டைல் என்ற சிறு துண்டை ஒட்டுகிறது. சிலருக்கு இந்த வேலை வேகமாக நடக்கும், சிலருக்கு மெதுவாக. இது பரம்பரையாக வருவது. வேகக்காரர்களுக்குத்தான் ஆபத்து என்று 1970களில் சொன்னார்கள். பின்னாளைய ஆய்வுகள் மெதுவானவர்களையே காட்டின. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவானவர்கள் என்பதால் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

மருந்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதற்கு மாற்று அவ்வளவு எளிதில் இல்லை. மாறியது கொடுக்கும் முறை. மாதாமாதம் நோயாளியை வரச்சொல்லி, பசி இருக்கிறதா, குமட்டுகிறதா, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறதா என்று கேட்டார்கள். இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு வரும்படி சொல்லி வைத்தார்கள். சியாட்டிலில் இப்படி ஏழு ஆண்டுகள் பார்த்த 11,141 பேரில் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் 11 பேர் மட்டுமே என்று 1999-ல் வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு எட்டு எங்கே, ஆயிரத்துக்கு ஒன்று எங்கே! புதிய கருவி எதுவும் வரவில்லை, கேள்வி கேட்டார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் காமாலை என்றதும் கைக்கு வருவது கீழாநெல்லி. அது பற்றிய சண்டைக்கு நான் வரவில்லை :-) ஆனால் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கண் மஞ்சளானால் விஷயமே வேறு. வழக்கமான கூட்டு மருந்தில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வது ஆபத்து. மருத்துவரிடம் சொல்லாமல் நிரந்தரமாக விட்டுவிடுவதும் ஆபத்து, காசநோய் திரும்பிவிடும். மருத்துவமனையில் மருந்துகளை நிறுத்தி, கல்லீரல் தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, எது குற்றவாளி என்று பார்ப்பார்கள்.

2021-ல் இந்திய அரசின் புதிய வழிகாட்டி நெறிகள் வந்தன. நுரையீரல் காசநோய் உள்ளவரின் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும், நோய் இல்லை என்று உறுதி செய்தபின், தடுப்பு மாத்திரை கொடுக்கலாம் என்றாகிவிட்டது. தினமும் ஆறு மாதம் என்பது ஒரு வழி. வாரம் ஒருமுறை, மொத்தம் 12 தடவை என்பது இன்னொரு வழி. இரண்டிலுமே ஐசோநியாசிட் இருக்கிறது.