மதமாற்றமும் ஒன்றிப்பும்
பட்டுத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஆரணியில், 1853-இல் தோன்றிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் சீர்திருத்தச் சபை மரபும் கத்தோலிக்க மரபும் அருகருகே நிலவ, அச்சீர்திருத்தச் சபையில் வளர்ந்த ஒருவர் கத்தோலிக்கராவதையும் ‘மதமாற்றம்’ என்றே சொல்லுதல் பிழைபட்ட வழக்காகும். வடமொழி வழிவந்த ‘மதம்’ முன்னர்க் கருத்து, கொள்கை என்றே பொருள்பட்டது. உடன்படல், மறுத்தல் முதலிய ஏழு நிலைப்பாடுகளை நன்னூல் ‘எழுவகை மதம்’ என்றே தொகுக்கிறது. கொள்கை மாற்றம் என்னும் அப்பழம்பொருளில் இச்சொல் ஓரளவு பொருந்தினும், சமயம் முழுவதையும் குறிக்கும் இன்றைய பொருளில் சிறிதும் பொருந்தாது. ஏனெனில் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் முறையாக ஞானஸ்நானம் பெற்றவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபை மீண்டும் திருமுழுக்கு அளிப்பதில்லை, விசுவாச அறிக்கையாலும், ஆவியின் கொடைக்காக எண்ணெய் பூசும் உறுதிபூசுதலாலும், நற்கருணையாலுமே அவரை ஏற்கிறது. இளமைமுதல் விவிலியம் ஓதி வளர்ந்தவரை அந்நிய மதத்தினின்று வந்தவராகக் காட்டுவது அவர் நம்பிக்கைக்கு இழைக்கும் அநீதியாகும். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆணை, இத்தகையோரை ஏற்பதை முழு ஒன்றிப்பை நாடுவோருக்குரிய செயலாகவே குறிக்கிறது. ‘ஒன்று’ என்பதனடிப் பிறந்த ‘ஒன்றிப்பு’, கத்தோலிக்கர் வழக்கிற்கு வெளியே அவ்வளவாகப் பரவாத குறையுடையதேனும், முன்பிருந்த பிணைப்பை மறுக்காமையால் மிகத் தகுந்த சொல்லாகும்.