எடுத்ததும் விட்டதும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள், "வீட்டை மாற்றிப் பார்" என்பதையும் கூடவே சேர்த்திருக்கலாம். வாடகை வீட்டில் குடியிருக்கும் வாசகர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும்போதுதான் நம்முடைய ஆஸ்தி இன்னதென்று நமக்கே தெரிகிறது. மூடியில்லாத டப்பா, டப்பாவில்லாத மூடி, நின்றுபோன கடிகாரம், கால் ஒடிந்த நாற்காலி, பாட்டியின் கல்சட்டி! ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒரு சிறு வழக்கு நடக்கிறது. எடுத்துக்கொண்டு போவதா? விட்டுவிட்டுப் போவதா?

ராஜாக்களின் சரித்திரத்துக்குச் செப்பேடும் கல்வெட்டும் இருக்கின்றன. நம்மைப் போன்ற குடித்தனக்காரர்களின் சரித்திரத்துக்கு இந்த வழக்கின் தீர்ப்புகள்தான் ஆதாரம். மக்கள் எதை எடுத்துப் போனார்கள், எதை விட்டுப் போனார்கள் என்ற இரண்டையும் பார்க்கத் தூர தேசங்களுக்குப் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரத்துக் கடற்கரை வரையில் ஒரு நாள் பிரயாணம் செய்தால் போதும்.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரிய பாறையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. முன்னால் நிற்கும் தூண் மண்டபம் பிற்பாடு விஜயநகர காலத்தில் கட்டியது; உள்ளேயிருக்கும் பாறைச் சிற்பம் 7-ஆம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் வடித்தது. இந்திரன் கோபித்துக்கொண்டு மழையைக் கொட்டுகிறான். கண்ணன் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடிக்கிறான். ஆயர்பாடி முழுவதும் அதன் கீழே வந்து ஒதுங்குகிறது. கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஓர் ஊரே ஒரு நாளில் வீடு மாறிய கதை இது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அந்தச் சிற்பி எண்ணிப் பார்த்திருக்கிறான். ஒருவன் பசுவைக் கறக்கிறான். பசு தன் கன்றை நக்குகிறது. ஒருவன் தோளில் கோடரி. இன்னொருவன் குழந்தையைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறான். ஒரு பெண் பானை அடுக்கைத் தலையில் சுமந்து நிற்கிறாள். பிரளயம் போல மழை கொட்டுகையில் இவர்கள் எடுத்து வந்தவை குழந்தை, மாடு, கோடரி, பானை. தலைக்கு மேலே மலை அந்தரத்தில் நிற்க, அந்தப் பெண் தன் பானைகளைக் கீழே இறக்கி வைக்கவில்லை. பெண்களின் மனத்தை அறிந்த சிற்பி அவன்!

இந்தப் பானைக்கு இன்னும் பழைய சரித்திரம் உண்டு. அதைத் தேடி மேற்கே, உள்நாட்டுப் பக்கம் போகவேண்டும். செங்கற்பட்டைச் சுற்றிலும், மதுராந்தகம் பக்கத்திலும், குன்றுகளின் அடிவாரத்திலும் மேட்டு நிலங்களிலும் பெரிய உருண்டைப் பாறைகளை வட்டமாக அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். பாண்டுகுழி என்றும், குள்ளர் வீடு என்றும் நம் ஜனங்கள் சொல்வது இவற்றைத்தான். உண்மையில் இவை இரும்புக் காலத்து மக்கள் தங்களுடைய இறந்தவர்களுக்கு அமைத்துக் கொடுத்த இடங்கள். பெரும்பாலானவை 2,000 வருஷத்துக்கும் முற்பட்டவை. 1950-லும் 1952-லும் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள சாணூரில் மத்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் அகழ்ந்து பார்த்தார்கள். 1955-ஐ ஒட்டிய வருஷங்களில் குன்னத்தூரிலும், பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் வடபகுதியிலிருந்த அமிர்தமங்கலத்திலும் அகழ்வு நடந்தது.

சாணூரில் கல் வட்டத்துக்கு உள்ளே, கற்குவியலுக்கு அடியில் சுட்ட மண்ணாலான ஈமப்பேழைகள் இருந்தன. நீண்ட தொட்டி போன்ற உருவம். அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டில் என்று சொல்லலாம், பல கால் படைத்த ஏதோ ஒரு பிராணி என்றும் சொல்லலாம். அமிர்தமங்கலத்தில் பேழைக்குப் பதில் தாழி. இத்தகைய ஈமக் குழிகள் பலவற்றில் முழு உடலும் இருப்பதில்லை. வேறிடத்தில் விட்டு வைத்துப் பிறகு பொறுக்கிச் சேர்த்த எலும்புகளே இருக்கும். அதாவது, மனிதரே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறார்கள்.

அவர்களோடு போன சாமான்களைப் பாருங்கள். கிண்ணம், பானை, மூடி. அம்பு முனை, ஈட்டி முனை, கத்தி. அந்தக் கிண்ணங்கள் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுத்துவிடும், நெருப்பும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்துவிடும் என்பது அறிஞர்கள் சொல்லும் விளக்கம். பானைகளின் அடி உருண்டையானது, தரையில் நிற்காது. ஆகையால் அதை உட்கார்த்தி வைக்க மண்ணாலேயே செய்து சுட்ட பிரிமணைகளும் கூட வைக்கப்பட்டிருந்தன. எனக்கு இந்தப் பிரிமணையைவிட வாளும் ஈட்டியும் பெரிதாகத் தோன்றவில்லை. துக்கத்தின் நடுவிலே யாரோ ஒருவர், "பானை உருண்டுவிடுமே!" என்று கவலைப்பட்டிருக்கிறார். மறு உலகத்திலும் பானை நேராக நிற்கவேண்டும் என்று எண்ணிய அந்தக் கை நம் வீட்டுக் கை அல்லவா?

பானைகள் சிலவற்றின்மேல் கீறல் குறிகள் இருக்கின்றன. சொந்தக்காரரின் குறியா, குலத்தின் குறியா, குயவனின் குறியா என்று அறிஞர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள். கல்யாணச் சீராக வரும் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கமுள்ள நமக்கு, முதல் யோசனைதான் சட்டென்று மனத்தில் படுகிறது.

இறந்தவர்களை அடக்கம் செய்யும் முறைகளை மணிமேகலை வரிசையாகச் சொல்கிறது; தாழியில் கவிப்பதும் அவற்றுள் ஒன்று. புறநானூற்றில் ஒரு பெண் குயவனைப் பார்த்துப் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்ட சிறு பல்லியைப் போலக் கணவனோடு பல காடுகளைக் கடந்து வந்தவள் அவள். வழியிலே கணவன் இறந்து போகிறான். அவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யும்படி குயவனைக் கேட்கிறாள். கிண்ணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, இடம் கேட்டாள். சாணூரின் பேழைகளையும் அமிர்தமங்கலத்துத் தாழிகளையும் பற்றிப் படிக்கும்போது என் காதில் விழுவது அவள் குரல்தான்.

இவையெல்லாம் எடுத்துப் போனவை. விட்டுப் போனவை எங்கே? மண் சுவரும் கீற்றுக் கூரையுமாக இருந்த வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஈமக் காடுகள் ஏராளம்; குடியிருந்த மேடுகள் மிகச் சில. கூரை வீட்டின் அழகைப் பார்க்கவேண்டுமானால் மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்துக்குத்தான் போகவேண்டும். ஒரு குடிசையை அப்படியே கல்லிலே பல்லவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் கடற்கரை அடியோடு கைவிடவில்லை. பாலாறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே வசவசமுத்திரம் என்று ஒரு சிற்றூர். 1970-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில் வந்த, அடி கூம்பிய ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கிணற்றை யார் பெயர்த்துக்கொண்டு போவார்கள்? உடைந்த ஜாடியை யார் வண்டியில் ஏற்றுவார்கள்? ரோமாபுரிக்கும் பாலாற்றங்கரைக்கும் நடந்த வியாபாரத்துக்கு அந்தக் குப்பைதான் சாட்சி. சற்று வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வந்து கோட்டை கட்டினார்கள். 1824-ல் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்தியாவில் இருந்த தங்கள் இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவர்களும் வீடு காலி செய்தவர்கள்தாம். கோட்டைச் சுவரையும் சித்திர வேலைப்பாடு உள்ள கல்லறைகளையும் எடுத்துப்போக முடியவில்லை.

சாமானை அவிழ்ப்பதிலும் ஒரு முறை உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகத்துக்கு அறிவித்தவர் ராபர்ட் புரூஸ் பூட். நாற்பது வருஷம் ஊர் ஊராகச் சென்று அவர் சேர்த்த கற்களும் ஓடுகளும் 1904-ல் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912-ல் அவர் காலமான பிறகு, 1914-லும் 1916-லும் அவற்றின் விவரப் பட்டியல் அச்சாகி வெளிவந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்திருந்ததனால்தான் அந்த மூட்டைக்கு மதிப்பு. ஊர்ச் சீட்டை எடுத்துவிட்டால் அது வெறும் ஜல்லி.

ஈமக் குழிக்கும் இதே நியாயம்தான். எந்தப் பானை எந்த எலும்புக்குப் பக்கத்தில், எந்தப் பிரிமணையின்மேல் இருந்தது என்பதுதான் சரித்திரம். மண்வாரி இயந்திரம் ஒரே வாரலில் அள்ளிப் போட்ட பிறகு மிஞ்சும் ஓடு எதையும் பேசாது. மத்தியத் தொல்லியல் துறை பல இடங்களைப் பாதுகாக்கப்பட்டவை என்று அறிவித்திருக்கிறது. ஆனால் பலகை இல்லாத கல் வட்டங்களும் உண்டு. 2019-ல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. சென்னை தெற்கே வளர்ந்துகொண்டே வருகிறது. கல்குவாரி ஒரு பக்கமும் வீட்டு மனை ஒரு பக்கமுமாக இந்த வட்டங்களை நெருக்குகின்றன. வட்டத்துப் பாறை எத்தனையோ இடத்தில் வேலிக்கும் அஸ்திவாரத்துக்கும் போய்விட்டது.

வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டுக் கஷ்டம் தெரிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். செங்கற்பட்டுப் பக்கம் மனை பார்க்கப் போகும் வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மனையில் பாறைகள் வட்டமாக நிற்பதைக் கண்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த இடத்தில் உங்களுக்கு முன்பே ஒருவர் குடி வந்திருக்கிறார். அவருடைய பானை இன்னும் பிரிமணையின்மேல் நேராக நிற்கக்கூடும்.