வீதிச் சமிக்ஞையும் கணித விற்பன்னரும்

ஓட்டமாவடிப் பழைய பாலத்தை அறிந்தோர்க்கு இக்கட்டுரையின் பொருளை விளக்க நெடுநேரம் வேண்டியதில்லை. புகையிரதமும் வீதி வாகனமும் ஒரே தளத்தின் வழியே சென்ற இரும்புப் பாலம் அது. ஒரு கரையிலிருந்து வருவோர் கடந்து முடியுமட்டும் மறுகரையார் காத்து நிற்பர். புகையிரதம் வருமாயின் இரு கரையாருமே நிற்பர். வாகனங்களுக்கெனப் புதிய பாலம் எழுந்த பின்னர் அக்காட்சி மறைந்தது. மாணவனாயிருந்த காலத்தில் ஒருநாள் அவ்விடத்தில் பேருந்து நெடுநேரம் நின்றபோது, அருகிருந்த பெரியவர் ஒருவர், "அங்காலே ஒன்று, இங்காலே ஒன்று என்று மாறிமாறி விட்டால் ஒருவருக்கும் தாமதமில்லையே தம்பி" என்றார். அது நியாயமென்றே யானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்நம்பிக்கை பிழையானது என்பதை நிறுவியவர்களின் வரலாற்றையே ஈண்டு கூறப் புகுகின்றேன்.

வீதிச் சமிக்ஞை விளக்கு முதன்முதலிற் புகையிரதப் பொறியியலாரின் கைவண்ணமாகவே தோன்றிற்று. 1868 டிசம்பரில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் நைற் என்பார் நாட்டிய வாயு விளக்கு, அடுத்த மாதமே வெடித்துக் காவலர் ஒருவரைக் காயப்படுத்தியது. பின்னர் மின்விளக்குகள் வந்தன. வெடிக்கும் அச்சம் நீங்கியது. ஆயின் பச்சை எத்தனை செக்கன், சிவப்பு எத்தனை செக்கன் என்ற வினாவுக்கு விடை அநுபவமும் ஊகமுமாகவே இருந்தது.

அவ்வினாவைக் கணக்காக்க முயன்றோர் இல்லாமலில்லை. 1936-இல் அடம்ஸ் என்பவர், வீதியில் வாகனங்கள் வருவது ஒழுங்கான இடைவெளியிலன்று, நிகழ்தகவின் விதிப்படி தற்செயலாகவே என்று அளந்து காட்டினார். 1941-இல் கிளேற்றன் என்பவர் சமிக்ஞையிற் காத்திருக்கும் நேரத்துக்கு வாய்பாடு கண்டார். ஆயின் வாகனங்கள் மணிக்கூட்டு முள்போல ஒரே சீராக வருகின்றன என்று கொண்டே அவர் கணித்தார். வீதி வெறிச்சோடியிருக்கையில் இவ்விரு கொள்கைகளுக்கும் வேறுபாடு சிறிது. வாகனம் பெருகிச் சந்தி நிரம்பும் வேளையிலோ வேறுபாடு மலைபோல் வளரும். ஒரு சுற்றிற் கடக்க இயலாது எஞ்சியோர் அடுத்த சுற்றுக்குச் சுமையாவர். அச்சுமை தற்செயலான மிகுதியால் மேலும் பெருகும். கணக்கு எங்கே மிக வேண்டப்படுமோ, அங்கேயே அது கைவிட்டது.

இந்நிலையிலேதான் பிரித்தானிய வீதி ஆராய்ச்சி நிலையம் கணிதம் கற்றோரைப் பணிக்கு அழைத்தது. 1933 முதல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களத்தின்கீழ்த் தாரையும் கல்லையும் ஆராய்ந்த நிலையம் அது. போர் முடிந்தபின் போக்குவரத்தும் விபத்தும் அதன் பொறுப்பாயின. போர்க்காலத்திற் குண்டுவீச்சு விமானப் படையின் ஆராய்ச்சிப் பிரிவிற் பணிபுரிந்த ஸ்மீட் என்னும் கணித அறிஞர் 1947-இல் அங்கு வந்தார். கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்ற வார்ட்ரொப் அவருடன் உழைத்து, 1952-இற் சிவில் பொறியியலாளர் கழகத்தின் முன் வீதிப் போக்குவரத்துக் கோட்பாடுபற்றிய புகழ்பெற்ற கட்டுரையைச் சமர்ப்பித்தார். தார் காய்ச்சும் கூடத்தில் நிகழ்தகவு அறிந்தவனுக்கு நாற்காலி போட்டது சிறிய காரியமன்று.

அவ்விதையின் கனி 1958-இல் வெளிவந்த வெப்ஸ்டரின் சிறுநூல். காத்திருக்கும் நேரத்தை அவர் மூன்று பகுதியாக்கினார்: சீரான வருகையால் எழுவது ஒன்று, தற்செயலால் எழுவது மற்றொன்று, மூன்றாவது, தூய கணிதத்தால் எட்டவியலாத சிறு திருத்தம். இதனை அவர் கணனியிற் போலி வாகனங்களை ஓடவிட்டுப் பெற்றார். இத்திருத்தம் மொத்தத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே என்று கண்டு, முதலிரண்டையுங் கூட்டிப் பத்திலொன்பது எடுத்தாற் போதும் என எளிமையாக்கினார். கோட்பாட்டாளர் இவ்விடத்தில் முகஞ்சுளிக்கலாம். வீதியில் நிற்கும் பொறியியலார் நன்றி கூறுவர்.

மிகச் சிறந்த சுற்று நேரத்துக்கு அவர் தந்த விதி மனத்தில் நிற்பது. ஒவ்வொரு திசையிலும் வருகின்ற வாகனத்தை, அத்திசை தடையின்றிக் கடத்தக்க வாகனத்தால் வகுத்துக் கூட்டுக. மணிக்கு 1800 கடத்தக்க இரு வீதிகளில் 630-உம் 450-உம் வருமாயின் கூட்டுத்தொகை 0.6. புறப்படுந் தயக்கத்தாலும் விளக்கு மாறுவதாலும் ஒரு சுற்றில் வீணாகும் நேரம் 10 செக்கன் எனக் கொள்க. அதனை ஒன்றரையாற் பெருக்கி 5 கூட்டினால் 20, ஒன்றிலிருந்து 0.6-ஐக் கழித்த 0.4-ஆல் வகுத்தால் 50 செக்கன். வீண் 10 போக எஞ்சிய 40-ஐ வருகையின் விகிதப்படி பங்கிட்டால், ஒன்றுக்கு ஏறத்தாழ 23, மற்றதற்கு 17.

ஆயினும் அந்நூலின் மெய்யான பெருமை இவ்விதியிலன்று, அதனருகே கூறிய மற்றொரு முடிவிலேயே உளது என்பது என் துணிபு. சிறந்த சுற்றின் முக்காற் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்குவரை எதனை வைத்தாலும், காத்திருப்பு மிகக்குறைந்த அளவினும் நூற்றுக்குப் பத்து முதல் இருபதுக்கு மேற் கூடாது. நமது உதாரணத்தில் 38 செக்கன் முதல் 75 வரை எதுவும் பெருங்கேடு விளைக்காது. சந்தை நாளிலொரு தொகை, மழை நாளிலொரு தொகை என வாகனம் மாறிக்கொண்டேயிருக்கும். ஒரே எண்ணில் உயிர்வாழும் வாய்பாடு அங்கே ஒருநாளும் நில்லாது. எவ்வளவு பிழைத்தாலும் தாங்கும் என்று கணித்துச் சொன்னமையாலேயே கோட்பாடு கருவியாயிற்று. இந்திய வீதிப் பேராயம் 1985-இல் வெளியிட்ட சமிக்ஞை வழிகாட்டியும் வெப்ஸ்டரின் முறையையே தழுவியது. ஸ்மீட் 1967-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் போக்குவரத்துத் துறைப் பேராசிரியரானார்.

இனி நம் பாலத்துக்கு வருவோம். ஒருவழிப் பாலமொன்றைக் கடக்க 40 செக்கன் ஆகுமென வைப்போம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் பாலம் வெறுமையாகவேண்டும். எனவே ஒரு சுற்றில் வீண் 80 செக்கன். இரு கரையிலும் மணிக்கு 360 வாகனம் வருமாயின் கூட்டுத்தொகை 0.4. வெப்ஸ்டரின் விதிப்படி 125-ஐ 0.6-ஆல் வகுக்க, சுற்று ஏறத்தாழ 208 செக்கன், அதாவது மூன்றரை நிமிடம்! ஒவ்வொரு கரைக்கும் 64 செக்கன் திறந்திருக்கும்; இரண்டு செக்கனுக்கு ஒன்றாக 32 வாகனம் போகும். பெரியவர் சொன்னவாறு ஒன்றுக்கு ஒன்றாக விட்டிருப்பின், 84 செக்கனுக்கு ஒரு கரையிலிருந்து ஒரே வாகனம், மணிக்கு 43-க்கு மேற் செல்லாது. எஞ்சிய 317-உம் இரு கரையிலும் நின்றுகொண்டேயிருந்திருக்கும்.